மரம் மறைக்கும், தூரம் மறைக்காது

அறைக்குள் பேசுவதற்காகப் பிறந்த வைஃபை, தர்மசாலாவிலும் கான்பூரிலும் தேனியிலும் ஊர் தாண்டிய கதை

தர்மசாலாவில் ஆன்டெனாவின் முதல் விரோதி குரங்கு. கூரைமேல் புதிதாக ஒரு கம்பம் முளைத்தால் அதில் தொங்கிப் பார்க்காமல் அது விடுவதில்லை. கம்பம் சற்றே சாய்ந்தால் போதும், எதிர்மலையில் உள்ள கம்ப்யூட்டர்கள் ஊமையாகிவிடும். இமாசலப் பிரதேசத்தின் இந்த மலை நகரில் 2005 பிப்ரவரியில் வயர்லெஸ் வலையமைப்பு ஒன்றைக் கட்டத் தொடங்கியவர்கள், ரேடியோ பொறியியலின் பாலபாடங்களோடு குரங்கின் எடையைத் தாங்கும் இரும்புச் சட்டம் செய்யவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த மாதம் தற்செயலாக அமைந்ததல்ல. 2005 ஜனவரி 28ஆம் தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கை ஒன்று, 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளில் குறைந்த சக்தியுள்ள கருவிகளைக் கட்டடத்துக்கு வெளியேயும் லைசென்ஸ் இல்லாமல் இயக்கலாம் என்றது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டமும் ஆண்ட தேசத்தில் இது சிறிய விஷயமல்ல. 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவி ஒன்றை வைத்திருப்பதே குற்றம். வீட்டில் பாட்டுக் கேட்கும் ரேடியோ பெட்டிக்குத் தபால் ஆபீஸில் வரிசையில் நின்று பணம் கட்டிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட அரசு, வானத்தில் ஒரு துண்டை எடுத்து, எல்லோரும் உபயோகித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. தர்மசாலாக்காரர்கள் நேரத்தை வீணாக்கவில்லை. பிப்ரவரி முடிவதற்குள் 8 வளாகங்கள் இணைந்துவிட்டன.

கிடைத்தது முதல்தர நிலம் அல்ல, புறம்போக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது தொழில், விஞ்ஞான, மருத்துவக் கருவிகள் கக்கும் இரைச்சலுக்காக உலகளவில் ஒதுக்கப்பட்ட பகுதி. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவது 2.45 கிகாஹெர்ட்ஸில்தான். யாரும் கௌரவமாகக் குடியேற விரும்பாத இந்த இடத்தில், தகவலை விரிந்த அலைவரிசையில் பரப்பி அனுப்பும் கருவிகள் லைசென்ஸின்றி இயங்க அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் 1985இல் அனுமதித்தது. அதிலிருந்து பிறந்ததே 1997இல் வந்த 802.11 என்ற தரவிதி. 1999இல் அது விநாடிக்கு 11 மெகாபிட் வேகத்தைத் தொட்டபோது வைஃபை என்ற செல்லப்பெயரும் சேர்ந்துகொண்டது. லட்சக்கணக்கில் தயாரானதால் அதன் சில்லுகள் மலிவாயின. வயர்லெஸ் இணைப்பு என்றாலே தனிக் கருவி, தனி லைசென்ஸ், தனி விலை என்றிருந்த இந்தியக் கிராமங்களுக்கு இந்த மலிவுதான் கவர்ச்சி.

ஆனால் வைஃபை வடிவமைக்கப்பட்டது அலுவலக அறைக்கு. மேஜைக்கு மேஜை பேச வேண்டிய கருவியை ஊருக்கு ஊர் பேச வைக்க முடியுமா? விடை ஒரு வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது.

ரேடியோ பொறியாளர்கள் இந்தக் கணக்கை டெசிபெல்லில் போடுகிறார்கள். 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு, 3 என்றால் ஏறத்தாழ இரு மடங்கு. பெருக்கல் வகுத்தலெல்லாம் கூட்டல் கழித்தலாகிவிடுவதால், மளிகைக் கடை நோட்டில்கூடக் கணக்கை முடித்துவிடலாம். ஒரு மில்லிவாட் என்பது சுழியம். அதிலிருந்து மேலே போனால் கூட்டல், கீழே போனால் மைனஸ்.

10 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள். 2005 விதிப்படி ஆன்டெனாவின் முனையிலிருந்து ஒரு திசையில் பாயும் சக்தி 4 வாட்டுக்குச் சமமாக இருக்கலாம், அதாவது 36 டெசிபெல். இதற்கு உண்மையில் 4 வாட் செலவழிக்கத் தேவையில்லை. டார்ச் விளக்கில் பல்புக்குப் பின்னால் உள்ள குழிந்த தகடு செய்கிற வேலையை, கம்பி வலையாலான கிரிட் ஆன்டெனா செய்கிறது. எல்லாப் பக்கமும் சிதறவேண்டிய சக்தியை ஒரே பக்கம் குவித்து, அந்தத் திசையில் 24 டெசிபெல் கூட்டிக் கொடுக்கிறது. எனவே கருவி தர வேண்டியது 12 டெசிபெல்தான். 16 மில்லிவாட், டார்ச் பல்பு குடிப்பதைவிடக் குறைவு. வழியில் செலவு: திறந்த வெளியில் இந்த அலைவரிசை முதல் கிலோமீட்டரில் 100 டெசிபெல் இழக்கிறது, 10 கிலோமீட்டரில் 120. எதிர்முனையில் அதேபோன்ற ஆன்டெனா இன்னொரு 24 சேர்க்கிறது. மிச்சம், மைனஸ் 60. சாதாரண எண்ணில் சொன்னால் ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இந்தத் துளி போதுமா? தாராளமாக. விநாடிக்கு 11 மெகாபிட் வேகத்தில் வரும் தகவலைப் புரிந்துகொள்ள அக்காலக் கருவிகளுக்கு மைனஸ் 82 அளவு இருந்தால் போதும். கையில் 22 டெசிபெல் உபரி.

கணக்கில் கவனிக்க வேண்டிய இடம் வேறொன்று. தூரம் இரண்டு மடங்கானால் கூடுதல் செலவு வெறும் 6 டெசிபெல். ஆனால் ஒரே ஒரு கான்கிரீட் சுவர் 10 டெசிபெல்லுக்கு மேல் விழுங்கிவிடும். அதாவது, பக்கத்து அறைக்குப் போகச் சிரமப்படும் வைஃபை, குறுக்கே எதுவும் இல்லாவிட்டால் அடுத்த தாலுகாவுக்குப் போய்விடும். வெனிசுலாவில் எர்மானோ பியத்ரோசெமோலி என்ற பேராசிரியர் 2007இல் இரண்டு மலைகளுக்கிடையே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு இப்படியொரு இணைப்பை நிறுவிக் காட்டினார்.

கருவியைவிடக் கழுத்தறுப்பது சில்லறைச் சங்கதிகள். கூரைமேல் உள்ள ஆன்டெனாவிலிருந்து கீழே மேஜைமேல் உள்ள கருவிக்கு மெல்லிய கேபிள் இழுத்தால், அது மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டெசிபெல் தின்னும். 10 மீட்டர் கேபிள் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கைச் சூடாக்கி வீணடித்துவிடும். அதனால்தான் கருவியையே டப்பாவில் போட்டுக் கம்பத்தின் உச்சியில் கட்டுகிறார்கள். ஒரு முனையில் ஆன்டெனாவை நிமிர்த்தியும் மறுமுனையில் படுக்கையாகவும் மாட்டிவிட்டால், அலை ஆடும் தளம் மாறிப்போய் 20 டெசிபெல்வரை காணாமல் போகும். மழையைப் பழிப்பவர்கள் ஏராளம். ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸில் மழைத்துளி பொருட்படுத்தத் தக்கதல்ல. மழை நிஜமாகத் தொல்லை தருவது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான். தொல்லை தருவது மழையில் நனைந்த இலை.

மரங்களுக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் போவதில்லை. இரு முனைகளிலும் கூர்ந்து நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவத்தில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு போகிறது. 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு விஞ்ஞானி ஃப்ரெனலின் பெயரால் அழைக்கப்படும் இந்தப் பகுதியின் ஆரம், 10 கிலோமீட்டர் இணைப்பின் நட்டநடுவில் 17 மீட்டருக்கு மேல். அதில் 60 சதவீதமாவது, அதாவது 10.6 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். எதிர் ஆன்டெனா கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக இணைப்பு வேலை செய்துவிடாது. அந்த வெள்ளரிக்காயின் வயிற்றில் மரக்கிளைகள் செருகியிருந்தால் உபரி 22 டெசிபெல்லும் ஆவியாகிவிடும்.

இந்த விதி மூன்று ஊர்களில் மூன்று விதமாகக் கழுத்தைப் பிடித்தது.

தர்மசாலாவில் மலையே மறைத்தது. உச்சியில் ஒரு கோபுரத்தை நட்டு அங்கிருந்து எல்லோருக்கும் கொடுக்கலாம் என்ற வழக்கமான யோசனை எடுபடவில்லை. ஒரு மடிப்புக்குத் தெரியும் உச்சி அடுத்த மடிப்புக்குத் தெரியாது. யாஹெல் பென்-டேவிட் என்ற இஸ்ரேலியரும் திபெத்திய அகதிச் சமூகத்தின் தொழில்நுட்ப ஆர்வலர்களும் வேறு வழி எடுத்தார்கள். ஒவ்வொரு கூரையும் தன் கண்ணுக்குத் தெரியும் அடுத்த கூரையிடம் தகவலைக் கை மாற்றிவிடும் வலை. 30க்கும் மேற்பட்ட கணுக்கள், 2,000க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள், அவற்றில் பெரும்பாலானவை நன்கொடையாக வந்த பழசுகள். கடைகளில் கிடைக்கும் வீட்டு உபயோகக் கருவிகளின் மென்பொருளை மாற்றி எழுதி வேலை வாங்கினார்கள். மின்சாரம் போய் ஒரு கணு அணைந்தால் தகவல் தானே சுற்றுப் பாதை தேடிக்கொண்டது. மின்சாரமே இல்லாத இடங்களில் சூரிய சக்தி.

இதற்கும் ஒரு விலை உண்டு. எல்லாக் கணுக்களும் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொண்டன. ஒரு கணு கேட்டதை மறுபடி சொல்லித்தான் அடுத்த கணுவுக்கு அனுப்ப முடியும். கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. எனவே ஒரு தாவல் கூடினால் வேகம் பாதி. அப்படியும், வெளியிலிருந்து அந்த வலைக்கு வந்த இன்டர்நெட்டே மொத்தம் விநாடிக்கு 6 மெகாபிட்தான் என்பதால் உள்ளே வேகம் குறைந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பின்னாளில் ஏர்ஜல்தி என்ற பெயரில் இது கிராமப்புற இன்டர்நெட் சேவை நிறுவனமாகவே வளர்ந்தது. ஜல்தி என்றால் இந்தியில் சீக்கிரம்.

கான்பூரில் மலை இல்லை. கங்கைச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை. அதுதான் பிரச்சினை. ஆன்டெனாவை ஏற்றி வைக்க ஒரு மேடுகூடக் கிடையாது, மரங்கள் மட்டும் எங்கும் உண்டு. அங்குள்ள ஐ.ஐ.டி., தர்மசாலாவுக்குச் சில ஆண்டுகள் முன்பே கிராமங்களை வைஃபை மூலம் இணைக்கும் 'டிஜிட்டல் கங்கைச் சமவெளி' என்ற ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 30 கிலோமீட்டரைத் தாண்டிய இணைப்புகளும் அதில் உண்டு.

அந்தத் தூரத்துக்குக் கணக்குப் போட்டால் கழுத்து வலிக்கும். 30 கிலோமீட்டரின் நடுவில் வெள்ளரிக்காய்க்குக் காலியாக விடவேண்டியது 18 மீட்டர். பூமியின் வளைவு அங்கே 13 மீட்டர் எழும்பி நிற்கிறது. அதன்மேல் 15 மீட்டர் உயர மரம் ஒன்று. மொத்தம் 46 மீட்டர், பதினைந்து மாடிக் கட்டடத்தின் உயரம். 10 கிலோமீட்டருக்கே 27 மீட்டர் தேவை. 2005 அறிவிக்கையோ, அங்கீகாரம் பெற்ற கட்டடத்தின் கூரையிலிருந்து 5 மீட்டர் உயரம்வரைதான் ஆன்டெனாவுக்கு லைசென்ஸ் விலக்கு என்றது. அலைவரிசை இலவசம், உயரம் இலவசமில்லை. தர்மசாலாவில் மலைச்சரிவு அந்த உயரத்தைச் சும்மா கொடுத்தது. உத்தரப் பிரதேசத்தின் ஓட்டு வீட்டுக்கு யார் கொடுப்பார்கள்? ரேடியோ கருவியின் விலை ஆயிரங்களில் இருக்க, டவரின் விலை லட்சங்களுக்குப் போனது. கான்பூர் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் அழுத்திச் சொன்னது இதைத்தான்: செலவைத் தீர்மானிப்பது வைஃபை அல்ல, இரும்பு.

அவர்கள் கண்ட இன்னொரு உண்மை அதைவிட எதிர்பாராதது. பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் அவர்களுடைய சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நீண்ட இணைப்புகளில் தகவல் தொலைந்துபோவதற்குத் தட்பவெப்பமோ தூரமோ முக்கியக் காரணமல்ல என்று தெரிந்தது. காரணம், அதே அலைவரிசையில் சத்தம் போடும் வேறு வைஃபை கருவிகள். வயல் நடுவே உள்ள முனை அமைதியாக இருந்தது, நகரத்துப் பக்கம் உள்ள முனைக்குத்தான் காது அடைத்தது. புறம்போக்கில் எல்லோரும் குடிசை போடலாம் என்றால் எல்லோரும் போடத்தான் செய்வார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல்கள் இருப்பதாகக் கணக்கு. ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை 1, 6, 11 என்று மூன்றே மூன்று.

காது அடைப்பு உள்வீட்டிலும் நடந்தது. ஒரே டவரில் நான்கு கிராமங்களை நோக்கி நான்கு ஆன்டெனாக்கள். ஒன்று பேசும்போது பக்கத்தில் இருப்பது 10 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் முணுமுணுப்பைக் கேட்க முயல்கிறது. ஆன்டெனா என்னதான் முன்பக்கம் குவித்தாலும் ஓரங்களில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். நூறு கோடியில் ஒரு பங்கு வாட்டைக் கேட்க வேண்டியவருக்கு அந்தக் கசிவே இடி முழக்கம். 2005இல் ராமனும் செப்ரோலுவும் சொன்ன தீர்வு கிராமப் பஞ்சாயத்தில் யாரும் சொல்லக்கூடியதுதான்: பேசினால் எல்லா ஆன்டெனாக்களும் ஒரே சமயத்தில் பேசட்டும், பிறகு எல்லாமே வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும். இதை நிறைவேற்ற வைஃபையின் அடிப்படைப் பழக்கத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

அந்தப் பழக்கம் பசிபிக் தீவுகளில் தொடங்கியது. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஆப்ராம்சன் தீவுகளிலுள்ள கம்ப்யூட்டர் முனையங்களை ரேடியோவால் இணைத்தபோது விதி எளிமையாக இருந்தது. தோன்றியபோது பேசு, பதில் வராவிட்டால் யாருடனோ மோதியிருக்கிறாய், சற்றுப் பொறுத்து மறுபடி பேசு. இந்த முறையில் நேரத்தில் 18 சதவீதத்துக்கு மேல் பலன் கிடைக்காது என்பது கணிதம். வைஃபை கொஞ்சம் நாகரிகம் சேர்த்தது: பேசுமுன் யாராவது பேசுகிறார்களா என்று கேள், ஒவ்வொரு செய்திப் பொட்டலத்துக்கும் 'கிடைத்தது' என்ற பதிலை உடனே எதிர்பார். அறைக்குள் இது அழகாக நடக்கிறது. ஆனால் ரேடியோ அலை ஒரு கிலோமீட்டரைக் கடக்க மைக்ரோ விநாடியில் 3.3 ஆகிறது. 15 கிலோமீட்டருக்குப் போய் வர 100 மைக்ரோ விநாடி. கருவியின் பொறுமை அதற்குள் தீர்ந்து, பொட்டலம் தொலைந்துவிட்டதாக நினைத்து மறுபடி அனுப்புகிறது. வந்துகொண்டிருக்கும் பதிலுடன் அது மோதுகிறது. கேட்டுவிட்டுப் பேசுவதும் பலிப்பதில்லை. எதிர்முனை பேசத் தொடங்கிய சேதி இங்கே வந்து சேருவதற்குள் இங்கே பேச்சு தொடங்கிவிடுகிறது.

இந்தச் சிக்கல் மனிதர்களைத் தொட்ட இடம் தேனி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளையோடு, சுற்றுவட்டார ஊர்களில் உள்ள அதன் பார்வை மையங்களை இணைக்க கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து எரிக் புரூவரின் குழு வந்தது. பார்வை மையத்தில் டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைப் பரிசோதித்துப் படமெடுப்பார். நோயாளி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தேனியில் உள்ள டாக்டரிடம் பேசுவார். கண்ணாடி போதுமா, கண்புரை அறுவைக்கு வரவேண்டுமா என்பது அங்கேயே முடிவாகிவிடும். ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் துணைக்கு வருபவரின் கூலியும் மிச்சம்.

இந்தப் பேச்சு நடுவில் அறுந்தால் பயனில்லை. பெர்க்லி குழு 2007இல் வெளியிட்ட முறையில், இரு முனைகளும் நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. தன் முறை வரும்போது ஒரு முனை பொட்டலங்களை வரிசையாக அனுப்பும். 'கிடைத்தது' என்ற பதில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வராமல் மொத்தமாக வரும். மாறியது மென்பொருள்தான், கருவி அதேதான். நீண்ட இணைப்புகளில் வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியது.

பிறகு தெரிந்தது, அலை சரியாகிவிட்டது, மின்சாரம் சரியாகவில்லை என்று. கிராமத்து மின்சாரம் திடீரென எகிறி கருவிகளைப் பொசுக்கியது. அதைவிடக் கொடுமை, குறைந்த மின்னழுத்தம். முழுதாக அணையாமல் அரைகுறை உயிரோடு கிடக்கும் கருவி தன் நினைவகத்தையே தவறாக எழுதிக்கொண்டு கிறுக்குப் பிடித்து நின்றது. அணைந்திருந்தால் மின்சாரம் வந்ததும் எழுந்திருக்கும். 2008இல் அதே குழு எழுதிய கட்டுரையின் பெரும்பகுதி அலைகளைப் பற்றியதல்ல, மின்சாரத்தையும் பராமரிப்பையும் பற்றியது. மின்னழுத்தம் தாழ்ந்தால் கருவியைத் துண்டித்துவிடும் சுற்றுகள், சூரிய மின் தகடு, பேட்டரி, எந்த விளக்கு எரியாவிட்டால் என்ன செய்வது என்று உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி. பெர்க்லியிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒருவர் பறந்து வந்து ஸ்விட்சைத் தட்டிவிட முடியாது அல்லவா?

கிராமங்களுக்குச் செல்போன் இன்டர்நெட் வந்து சேர்ந்த பிறகு, தனிமனிதருக்கு இந்தக் கம்பங்களின் தேவை குறைந்தது உண்மை. பள்ளி, மருத்துவமனை, சிறு இன்டர்நெட் நிறுவனம் போன்றவற்றுக்கு அப்படியல்ல. அவர்கள் இரைச்சல் மண்டிய 2.4ஐ விட்டு 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் நகர்ந்தார்கள். அங்கே அலைநீளம் குறைவு, எனவே வெள்ளரிக்காயும் மெலிந்தது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டரின் நடுவே அதன் ஆரம் 11.4 மீட்டர்தான். அதே அளவு ஆன்டெனா இன்னும் கூர்மையாகக் குவிக்கும். 2018இல் இந்தப் பகுதியில் பெரும் இடத்தை மத்திய அரசு லைசென்ஸ் விலக்குக்குக் கொண்டுவந்தது.

அடுத்த துண்டு 6 கிகாஹெர்ட்ஸ். 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 500 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிடும் வரைவு விதிகள் 2025 மே மாதம் வெளியாயின. 2.4 கிகாஹெர்ட்ஸில் மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ் என்பதை நினைத்தால் இது பெரிய தோட்டம். ஆனால் அந்த வரைவு முக்கியமாகக் கட்டடத்துக்குள் உள்ள கருவிகளுக்கானது. வெளியே அனுமதித்த உச்ச சக்தி 14 டெசிபெல், அதாவது 25 மில்லிவாட். ஆன்டெனா குவிப்பதும் இதற்குள் அடக்கம். 2005இல் கிடைத்த 36உடன் ஒப்பிட்டால் 22 டெசிபெல் குறைவு. 10 கிலோமீட்டர் கணக்கில் கையில் மிஞ்சிய உபரியும் சரியாக அதே 22தான்.